மெனோபாஸுக்கு இயற்கை புரோஜெஸ்டிரோன்: கேப்சூல், எஸ்ஆர் மாத்திரை, கிரீம் – எது எதற்கு?

மருந்துமேசை (கேள்வி)

மெடிக்கல் கவுண்டரிலிருந்து கேட்கிறேன். மெனோபாஸ் வயதுப் பெண்களுக்கு "நேச்சுரல் மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன்" (நுண்துகளாக்கிய புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்) எழுதிய சீட்டுகள் இப்போது அடிக்கடி வருகின்றன. ஆனால் ஒரு சீட்டு மாதிரி இன்னொன்று இல்லை.

ஒருவருக்கு 52 வயது, மாதவிடாய் நின்று இரண்டு வருடம். எஸ்ட்ரடியால் (எஸ்ட்ரோஜன் ஹார்மோன்) ஜெல்லோடு 100 மி.கி. கேப்சூல், தினமும் இரவு. இன்னொருவருக்கு 47 வயது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பீரியட்ஸ் வருகிறது. அவருக்கும் அதே ஜெல், ஆனால் 200 மி.கி. கேப்சூல் மாதத்தில் 12 நாள் மட்டும். மூன்றாமவர் கர்ப்பப்பை எடுத்தவர், சீட்டே இல்லாமல், ஆன்லைனில் வாங்கிய "வைல்டு யாம்" (காட்டு வள்ளிக்கிழங்கு) கிரீம் டப்பாவைக் காட்டி "இதே மாதிரி இங்கே இருக்கா?" என்கிறார்.

என் சந்தேகங்கள்: 100, 200 வித்தியாசம் எதனால்? கேப்சூல் ஸ்டாக் இல்லாதபோது 200 எஸ்ஆர் (மருந்தை மெதுவாக வெளியிடும்) மாத்திரை கொடுக்கலாமா, அல்லது டைட்ரோஜெஸ்டிரோன் 10 மி.கி. கொடுக்கலாமா? கிரீம் ஏதாவது பயன் தருமா? காலையில் தலை கிறுகிறுக்கிறது என்று பாதியில் விட்டுவிடுகிறவர்களுக்கு என்ன சொல்வது?

---

தென்றல்_ஓஜி

மெனோபாஸ் சிகிச்சையில் புரோஜெஸ்டிரோனுக்கு உள்ள முதல் வேலை, கர்ப்பப்பையின் உள்சுவரைக் காப்பது. உடம்புச் சூடு, வியர்வை, மூட்டுவலி, வறட்சி இவற்றுக்கெல்லாம் வேலை செய்வது பெரும்பாலும் எஸ்ட்ரோஜன்தான். எஸ்ட்ரோஜன் மட்டும் உள்ளே போனால் அது உரம் போட்டுக்கொண்டே இருக்கும், அறுவடைக்கு ஆள் வராது. உள்சுவர் தடித்துக்கொண்டே போகும். 1995-ல் வெளிவந்த பெப்பி (PEPI) என்ற அமெரிக்க ஆய்வில், கர்ப்பப்பை உள்ள பெண்களுக்கு எஸ்ட்ரோஜன் மட்டும் மூன்று வருடம் கொடுத்த குழுவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, புற்றுநோய்க்கு முந்தைய வகையைச் சேர்ந்த கவலைக்குரிய தடிப்பு வந்தது. அதே ஆய்வில் மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் 200 மி.கி. மாதத்தின் முதல் 12 நாள் சேர்த்தவர்களுக்கு உள்சுவர் பத்திரமாக இருந்தது. உங்கள் இரண்டாவது சீட்டில் உள்ள "200, 12 நாள்" என்ற கணக்குக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

இப்போது 100-க்கும் 200-க்கும் உள்ள வித்தியாசம். மாதவிடாய் நின்று ஒரு வருடம் தாண்டியவருக்குச் சொந்தமாகச் சுரக்கும் ஹார்மோன் ஏறக்குறைய இல்லை. அவருக்குத் தினமும் 100 மி.கி. இடைவெளியின்றிக் கொடுத்தால் உள்சுவர் மெல்லியதாகவே இருக்கும், ஆரம்ப மாதங்கள் கழிந்தபின் பொதுவாக ரத்தப்போக்கும் வராது. 47 வயதுக்காரரின் ஓவரி இன்னும் தன் விருப்பத்துக்கு வேலை செய்கிறது: ஒரு மாதம் எஸ்ட்ரோஜன் உச்சத்தில், அடுத்த மாதம் தரையில். அவருக்குத் தினசரி 100 கொடுத்தால் எப்போது வேண்டுமானாலும் திட்டுத்திட்டாக ரத்தம் படும்; "மாத்திரை ஒத்துக்கலை" என்று விட்டுவிடுவார். அதனால் 200 மி.கி., 12 முதல் 14 இரவுகள், பிறகு நிறுத்தம். நிறுத்திய சில நாளில், சிலருக்குக் கடைசி ஓரிரு நாளிலேயே, பீரியட்ஸ் வரும். அது எதிர்பார்த்த ரத்தப்போக்கு.

ஒழுங்காக மாதவிடாய் வராதவருக்கு "14-ம் நாளிலிருந்து" என்று எழுதினால் எதிலிருந்து எண்ணுவது என்றே தெரியாது. காலண்டர் தேதிதான் நல்லது: ஒவ்வொரு ஆங்கில மாதமும் 1-லிருந்து 12 வரை. ரத்தம் இடையில் வந்தாலும் தேதியை மாற்ற வேண்டாம்.

இன்னொன்று: எஸ்ட்ரோஜன் அளவு ஏறினால் இதுவும் ஏற வேண்டும். 0.06 சதவீத ஜெல்லில் 1.25 கிராம் கொண்ட ஒரு பம்ப் என்றால் 0.75 மி.கி. எஸ்ட்ரடியால். இரண்டு பம்ப் வழக்கமான அளவு. அதற்கு 100 தினமும் போதும். நான்கு பம்ப் வரை போனவருக்கு 100 போதாது. பிரிட்டிஷ் மெனோபாஸ் சொசைட்டி வழிகாட்டுதல் தினமும் 200, அல்லது 12 நாள் முறையில் 300 என்கிறது. ஜெல் மட்டும் கூடியிருக்கிறது, கேப்சூல் பழைய அளவிலேயே இருக்கிறது என்ற சீட்டைப் பார்த்தால் மருத்துவருக்கு ஒரு போன் போடுங்கள். இரண்டு மருத்துவர்களிடம் தனித்தனியாகக் காட்டும்போது இப்படி விட்டுப்போவது உண்டு.

மூன்றாமவருக்குக் கர்ப்பப்பையே இல்லை. அவருக்குக் காக்க வேண்டிய உள்சுவரும் இல்லை, புரோஜெஸ்டிரோன் பொதுவாகத் தேவையும் இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் (உள்சுவர் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது) மிச்சம் இருப்பவர்கள் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. அதை அறுவை செய்த மருத்துவர் சொல்லியிருப்பார். சூடும் வியர்வையும் தொல்லை என்றால் எஸ்ட்ரோஜன் பற்றித்தான் அவர் பேச வேண்டும்.

---

பார்மகாலஜி_வாத்தியார்

மருந்து வடிவம் பற்றி என் பங்கு.

"இயற்கை" என்றால் செடியிலிருந்து பிழிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மூலக்கூறு நம் ஓவரியில் சுரப்பதோடு அச்சாக ஒன்று என்பதுதான் பொருள். தயாரிப்பது ஆலையில்தான். 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் மெக்சிகோவில் காட்டு வள்ளிக்கிழங்கு வகையிலிருந்து டயோஸ்ஜெனின் என்ற பொருளை எடுத்து, அதைப் பல ரசாயனப் படிகளில் புரோஜெஸ்டிரோனாக மாற்றிக் காட்டினார். அந்தப் படிகளைச் செய்யும் என்சைம் மனித உடலில் கிடையாது. ஆகவே வள்ளிக்கிழங்குச் சாறு மட்டும் உள்ள கிரீமைப் பூசினாலும் சரி, கிழங்கை அவித்துச் சாப்பிட்டாலும் சரி, ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் ஏறாது. டப்பாவின் பின்பக்கம் பாருங்கள்: "டயோஸ்கோரியா (அந்தக் கிழங்கின் தாவரப் பெயர்) சாறு" என்று மட்டும் இருந்தால் அதில் ஹார்மோன் இல்லை.

நிஜமாகவே புரோஜெஸ்டிரோன் சேர்த்த கிரீமும் உண்டு. கால் டீஸ்பூனில் 20 மி.கி. என்பது வழக்கமான அளவு. தோல் வழியாக ரத்தத்துக்குச் சேர்வது கொஞ்சம்தான்; உள்சுவரைக் காக்கும் அளவுக்கு அதை நம்ப முடியாது. சூட்டுக்குக் கேட்குமா என்றால் ஒரு ஆய்வு ஆம் என்றது, இன்னொன்று இல்லை என்றது. எலும்புக்குப் பயன் தெரியவில்லை. இங்கே நடக்கும் ஆபத்தான சேர்க்கை என்னவென்றால், மருத்துவர் எழுதிய எஸ்ட்ரோஜன் ஜெல்லை வைத்துக்கொண்டு, கேப்சூல் மயக்கம் தருகிறது என்று அதற்குப் பதில் கிரீம் பூசுவது. உள்சுவரைப் பொறுத்தவரை அது எஸ்ட்ரோஜன் மட்டும் எடுப்பதற்குச் சமம். கிரீம் விற்கிறவர்கள் எச்சில் பரிசோதனை ரிப்போர்ட் காட்டுவார்கள். கிரீம் பூசுபவரின் எச்சிலில் அளவு ஏகத்துக்கும் ஏறித் தெரியும், ரத்தத்தில் அப்படி இருக்காது. அந்த எண்ணை வைத்து முடிவு எடுக்க வேண்டாம்.

எஸ்ஆர் மாத்திரை விஷயத்தில் நான் கறார். பெப்பி ஆய்வு உட்பட உள்சுவர் பாதுகாப்புக்கு உள்ள சான்று, எண்ணெயில் மிதக்கும் மைக்ரோனைஸ்டு துகள் கொண்ட மென்கேப்சூலுக்கானது. நம் ஊர் எஸ்ஆர் மாத்திரைகள் 200, 300, 400 என்று கிடைக்கின்றன. அவற்றின் பயன்பாடு பெரும்பாலும் கருத்தரிப்பு சிகிச்சை, ஆரம்பக் கர்ப்பம் பக்கம். மருத்துவரே எஸ்ஆர் எழுதினால் அது அவர் முடிவு. கவுண்டரில் நாமாக மாற்றக் கூடாது. எஸ்ஆரை உடைக்கவோ மெல்லவோ கூடாது, பிறப்புறுப்புக்குள் வைப்பதும் தவறு; மென்கேப்சூலை வைப்பது போல இதையும் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது வயிற்றுக்குள் கரைவதற்காகச் செய்தது.

டைட்ரோஜெஸ்டிரோன் வேறு மருந்து; புரோஜெஸ்டிரோனுக்கு நெருங்கிய உறவு, ஆனால் வடிவம் மாற்றியது. உள்சுவரை நன்றாகவே காக்கும்: சுழற்சி முறையில் (மாதத்தில் சில நாள் மட்டும்) 10 மி.கி. 14 நாள், தொடர் முறையில் (தினமும்) 5 மி.கி. தூக்கம் வரவைக்காது. மயக்கம் தாங்காதவருக்கு நல்ல மாற்று, ஆனால் சீட்டு மாறி வர வேண்டும்.

அப்புறம் எண்ணெய். சில நிறுவனக் கேப்சூல்களில் கடலை எண்ணெய், சிலவற்றில் சூரியகாந்தி எண்ணெயும் சோயா லெசித்தினும். நிலக்கடலை அல்லது சோயா அலர்ஜி உண்டா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அட்டையில் எண்ணெய் பெயர் இல்லையென்றால் நிறுவனத்திடம் கேட்பதைத் தவிர வழியில்லை.

---

செவிலி_மலர்

மயக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாதியில் விடுவதற்கு முக்கியக் காரணம் அதுதான், பெரும்பாலும் எடுக்கும் முறையிலேயே சரியாகிவிடும்.

விழுங்கிய புரோஜெஸ்டிரோன் கல்லீரலில் உடையும்போது அல்லோபிரெக்னனலோன் என்ற பொருள் உண்டாகிறது. அது மூளையில் தூக்க மாத்திரைகள் வேலை செய்யும் அதே காபா ஏற்பியில் போய் உட்கார்கிறது. அதனால்தான் "படுக்கும்போது" என்று எழுதுகிறார்கள். தவறு நடக்கும் இடங்கள்: இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டோடு போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவ நிற்பது; காலையில் மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் போட்டுவிட்டு ஸ்கூட்டி எடுப்பது. வயிறு நிறைந்திருந்தால் மருந்து கூடுதலாக உறிஞ்சப்படும், கிறுகிறுப்பும் கூடும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, கதவைப் பூட்டி, கொசுவலைக்குள் போகும்போது ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கச் சொல்லுங்கள். தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நடுராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்தால் கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நடக்கட்டும், முக்கியமாக ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள்.

மறந்துவிட்டால்: காலையில் நினைவு வந்தால் அதை விட்டுவிட்டு அன்றிரவு வழக்கம்போல ஒன்று. இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. ஒரு நாள் தவறினால் பெரிய நஷ்டமில்லை. 12 நாளில் நாலைந்து நாள் தவறினால் அந்த மாதம் காப்பு குறையும், ரத்தமும் தாறுமாறாக வரும்.

எல்லாம் சரியாக எடுத்தும் மயக்கம் தீரவில்லை, அல்லது மனம் ரொம்பச் சோர்ந்துபோகிறது என்றால் அதே மென்கேப்சூலைப் பிறப்புறுப்பு வழியாக வைக்க மருத்துவர் சொல்லலாம். கல்லீரலைத் தாண்டி நேரே கர்ப்பப்பைக்குப் போவதால் மயக்கம் குறைவு. காலையில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு கசியும். அதை வெள்ளைப்படுதல் என்று பயந்து வருவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்ளே வைப்பதற்கு என்று அளவை நாமாக மாற்ற வேண்டாம், சீட்டில் எழுதி வரட்டும்.

ரத்தப்போக்குக்கு ஒரு சின்ன நோட்டு வைக்கச் சொல்வது ரொம்ப உதவும்: தேதி, எத்தனை பேட், கேப்சூல் போட்டதா இல்லையா. தொடர் முறையில் முதல் மூன்று முதல் ஆறு மாதம் லேசாகக் கறை படுவது சகஜம். ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை, அல்லது நின்றுபோய் மறுபடி ஆரம்பிக்கிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். ஹார்மோன் எதுவும் எடுக்காதவருக்கு, மாதவிடாய் நின்று 12 மாதம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும் ஸ்கேன் தேவை. பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் உள்சுவர் 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் பயாப்ஸி (திசுத் துணுக்குச் சோதனை) எடுப்பார்கள். "சூட்டுக்குப் பட்டது" என்று இளநீர் குடித்துக் காத்திருப்பதுதான் இங்கே செய்யக் கூடாத வேலை.

---

மருந்துமேசை

மூவருக்கும் நன்றி. தொடர்ச்சியாக மூன்று கேள்விகள். எஸ்ட்ரோஜன் இல்லாமல் புரோஜெஸ்டிரோன் மட்டும், தூக்கத்துக்காகவும் வியர்வைக்காகவும் எழுதிய சீட்டும் வருகிறது. அது சரியா? அதிக ரத்தப்போக்குக்கு இதைக் கொடுத்து நிற்காமல் திரும்ப வருகிறார்களே, ஏன்? "ஹார்மோன் மாத்திரை மார்புப் புற்றுநோய் தரும்" என்று கேட்பவருக்கு ஒரு வரியில் என்ன சொல்வது?

---

பார்மகாலஜி_வாத்தியார்

தனியாகக் கொடுப்பதற்குச் சான்று அரைகுறை. 300 மி.கி. இரவில் என்ற அளவில் கனடாவில் நடந்த ஆய்வுகளில், மாதவிடாய் நின்றவர்களுக்கு 12 வாரத்தில் சூடும் வியர்வையும் குறைந்ததாக 2012-ல் வந்தது. அதே அளவை இன்னும் மாதவிடாய் முழுதாக நிற்காதவர்களுக்குக் கொடுத்த 2023 ஆய்வில், முக்கிய அளவுகோலில் மருந்தில்லாத போலி மாத்திரையைவிட மேல் என்று நிரூபிக்க முடியவில்லை. இரவு வியர்வையும் தூக்கமும் மேல் என்று பெண்கள் தாங்களே சொன்னார்கள். எஸ்ட்ரோஜன் எடுக்க முடியாதவருக்கு முயன்று பார்க்கலாம் என்பதற்கு மேல் நான் போக மாட்டேன்.

---

தென்றல்_ஓஜி

வாத்தியார் சொன்னதில் ஒரு சின்ன மாறுபாடு. 45-ஐத் தாண்டி, பீரியட்ஸ் தள்ளித்தள்ளி வந்து, தூக்கம்தான் பெரிய புகார் என்றால் மாதத்தில் 12 இரவு 200 மி.கி. மட்டும் கொடுப்பது அர்த்தமுள்ளதே. அந்த வயதில் பல மாதங்கள் முட்டை வெளிவருவதில்லை. முட்டை வராத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை, எஸ்ட்ரோஜன் மட்டும் வேலை செய்கிறது. இணையத்தில் "எஸ்ட்ரோஜன் டாமினன்ஸ்" என்று ஊதிப் பேசுவதில் உண்மையான பகுதி இவ்வளவுதான். அந்த மாதங்களில் உள்சுவருக்கும் காப்பு, தூக்கத்துக்கும் உதவி. ஆனால் பகலில் பத்து தடவை சூடேறுகிறது என்பவருக்கு இதை மட்டும் கொடுத்து அனுப்பினால் ஏமாற்றம்தான்.

அதிக ரத்தப்போக்கு: மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன், ஓடும் ரத்தத்தை நிறுத்துவதற்குப் பலவீனமான மருந்து. அதற்கு நோரெதிஸ்டிரோன் 5 மி.கி. மூன்று வேளை மாதிரி வலுவானவற்றை எழுதுவார்கள். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் உதிரம் போகும் நாட்களில் மட்டும். நீண்ட காலத்துக்கு லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் 52 மி.கி. உள்ள கர்ப்பப்பைச் சாதனம்தான் முன்னணி. அது போட்டிருந்தால் எஸ்ட்ரோஜன் எடுக்கும்போது ஐந்து வருடம் உள்சுவர்க் காப்பும் அதுவே, தனியாகக் கேப்சூல் வேண்டாம். ஃபைப்ராய்டு, பாலிப் (கர்ப்பப்பைக் கட்டிகள்) இருந்தால் எந்தக் கேப்சூலும் முழுப் பலன் தராது. 45 வயதுக்கு மேல் ரத்தப்போக்கின் தன்மை மாறினால் மருந்துக்கு முன் ஸ்கேன், தேவைப்பட்டால் பயாப்ஸி, கூடவே ஹீமோகுளோபின், டிஎஸ்ஹெச் (தைராய்டு பரிசோதனை). மணிக்கு ஒரு பேட் நனைகிறது என்றால் மெடிக்கலில் நிற்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மார்புப் புற்றுநோய் ஒரு வரியில் அடங்காது. 2002-ல் பயத்தைக் கிளப்பிய அமெரிக்க ஆய்வில் கொடுத்தது குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த எஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் அசிடேட் என்ற செயற்கை வகையும். இந்தக் கேப்சூல் அல்ல. ஏறத்தாழ 80,000 பெண்களைத் தொடர்ந்த பிரெஞ்சு ஆய்வில், எஸ்ட்ரோஜனோடு இயற்கை புரோஜெஸ்டிரோன் எடுத்தவர்களுக்கு ஆபத்து எடுக்காதவர்களின் அளவிலேயே இருந்தது. மற்ற பல செயற்கை வகைகளில் கூடியிருந்தது. ஆனால் அது கவனித்து எழுதிய ஆய்வு, பெண்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்துச் செய்தது அல்ல. ஐந்து வருடத்துக்கு மேல் எடுத்தால் சிறிய உயர்வு உண்டு என்றும் பின்னால் வந்தது. ஆகவே "குறைவு" என்று சொல்லலாம், "இல்லவே இல்லை" என்று சொல்லக் கூடாது. ஏற்கெனவே மார்புப் புற்றுநோய் வந்தவர், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர், தற்போது ரத்தக்கட்டு உள்ளவர், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர் – இவர்களுக்குக் கொடுப்பதில்லை.

---

செவிலி_மலர்

கவுண்டரில் கேட்க வேண்டிய இன்னும் சில. ரிஃபாம்பிசின் (காசநோய் மருந்து), கார்பமசெபின், ஃபெனிட்டாயின் (வலிப்பு மருந்துகள்) எடுப்பவருக்கு இந்தக் கேப்சூல் சீக்கிரம் உடைந்துபோகும், காப்பு குறையும். காசநோய் மருந்து அட்டையும் இதுவும் ஒரே பையில் இருந்தால் மருத்துவருக்குத் தெரியப்படுத்துங்கள். தூக்க மாத்திரை, அலர்ஜிக்கான தூக்கம் தரும் மாத்திரை சேர்ந்தால் கிறுகிறுப்பு இரட்டிப்பு.

தைராக்சின் (தைராய்டு மாத்திரை) எடுப்பவர் எஸ்ட்ரோஜனை ஜெல்லாக இல்லாமல் மாத்திரையாக ஆரம்பித்தால் தைராக்சின் தேவை கூடலாம்; ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் பார்க்கட்டும்.

இது கருத்தடை மாத்திரை இல்லை. 47 வயதில் பீரியட்ஸ் தள்ளிப்போகிறது என்றால் மெனோபாஸ் என்று தானாக முடிவு செய்துவிடுகிறார்கள். கடைசி மாதவிடாய்க்குப் பிறகு, 50 வயதுக்குள் என்றால் இரண்டு வருடம், 50-க்கு மேல் என்றால் ஒரு வருடம் கருத்தடை தேவை. நாள் தள்ளிப்போனால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை கிட்.

லேப்களில் விற்கும் "ஹார்மோன் பேலன்ஸ் பேக்கேஜ்" 45 வயதுக்கு மேல் பெரும்பாலும் வீண் செலவு. எஃப்எஸ்ஹெச் (ஓவரியைத் தூண்டும் ஹார்மோன்), எஸ்ட்ரடியால் இரண்டும் வாரத்துக்கு வாரம் மாறும். கேப்சூல் எடுக்கும்போது ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் பார்ப்பதும் அப்படித்தான், உடைந்த பொருட்களையும் சேர்த்து எண்ணிவிடும். 40 வயதுக்குள் மாதவிடாய் நின்றால் மட்டும் கதை வேறு. அங்கே எஃப்எஸ்ஹெச் கட்டாயம், ஹார்மோனும் இயல்பாக மெனோபாஸ் வரும் வயது வரையாவது தேவைப்படும்; "சின்ன வயசுதானே, எதுக்கு மாத்திரை" என்று நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

மருந்துமேசை

புரிந்தது. 12 நாள் சீட்டு வந்தால் இனி 10 கேப்சூல் அட்டையோடு அனுப்பாமல் இன்னொரு அட்டையிலிருந்து இரண்டு வெட்டிச் சேர்த்து, பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பில்லில் எழுதிக் கொடுக்கிறேன். ஒரு அட்டை பத்தாக இருப்பதால் பத்து நாளில் நிறுத்திவிடுகிறார்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

---

தென்றல்_ஓஜி

அதைச் செய்யுங்கள். உறையின் மேல் "1 முதல் 12 தேதி வரை, படுக்கும்போது" என்று பேனாவால் எழுதியும் விடுங்கள்.